கணக்குப் பாடமும் ஒரு லாரி நாற்காலியும்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

நான் நலம். உங்கள் தங்கையும் நலம்தான், நேற்றிலிருந்து என்னோடு பேச்சை மட்டும் நிறுத்தியிருக்கிறாள். அங்கே எல்லோரும் சௌக்கியம்தானே?

விஷயத்துக்கு வருகிறேன், கை பரபரக்கிறது! எங்கள் கல்லூரியில் கணக்குப்பதிவியல் படிக்க ஆள் வருவதில்லை, இன்னும் ஒருவராவது சேராவிட்டால் வகுப்பையே மூடிவிடுவோம் என்று முதல்வர் சொல்லிவிட்டார். நான் சும்மா இருப்பேனா? பழைய பாடத்தை மூட்டை கட்டிவிட்டு, மாணவர்களைக் கணினியில் ஒரு கற்பனைக் கம்பெனி நடத்தச் சொன்னேன். "வெளையாட்டா நெனைக்காதீங்க, நெஜக் கம்பெனி மாதிரியே நடத்துங்க" என்று ஒரு வார்த்தையும் சொல்லிவைத்தேன். சொன்னதைச் செய்யும் மாணவர்களை அதற்குமுன் நான் பார்த்ததில்லை மச்சான், அதனால் எதிர்பார்க்கவில்லை. நேற்றுக் காலை வாசலில் லாரி! கம்பெனிக்கு முகவரி வேண்டுமே என்று என் வீட்டு முகவரியைப் போட்டு, நிஜக் கடைக்கே ஆர்டர் அனுப்பியிருக்கிறார்கள். "சார், நூறு நாற்காலி. எங்க எறக்கறது?" என்றார் ஓட்டுநர். நான் வாயைத் திறப்பதற்குள் கூடம் நிறைந்து, சமையலறை நிறைந்து, இப்போது குளியலறைக்குக்கூட உடம்பைத் திருப்பிப் பக்கவாட்டில் நடந்துதான் போக முடிகிறது. "வீடா இது, மாநாட்டுப் பந்தலா?" என்று கேட்டாள் உங்கள் தங்கை. அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. ஆனால் பில்லைப் பார்த்தேன் பாருங்கள், கோபமெல்லாம் பறந்துவிட்டது. வரி, தள்ளுபடி, லாரி வாடகை, ஒன்றில்கூடப் பிசகில்லை! ஆர்டர் அவ்வளவு சுத்தமாக இருப்பதால் திருப்பி எடுக்க முடியாது என்கிறார் கடைக்காரர். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல்வருக்கும்தான். "பிரமாதம் சார்! அடுத்து நம்ம காலேஜ் கணக்கையே பசங்ககிட்ட குடுங்க. எந்தச் செலவு தண்டம்னு அவங்களே சொல்லட்டும்" என்றார். உடனே கொடுத்துவிட்டேன்.

ஆகவே மச்சான், உங்கள் மகளை இங்கே சேருங்கள். அந்த ஓர் ஆள் வந்தால் என் வகுப்பு பிழைத்துக்கொள்ளும். அது இல்லாமல் எனக்குப் பொழுது விடியாது என்பது உங்களுக்கே தெரியும்.

பெரியவர்களுக்கு வணக்கமும் சிறியவர்களுக்கு ஆசியும் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மாணவர்களின் அறிக்கை வந்தது. தண்டச் செலவுகளில் முதலிடம் என் சம்பளத்துக்கு. நான் நடத்துவதைக் கணினியே நடத்திவிடுமாம். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து வரி வரியாகத் தேடினேன், ஒரு பிழை அகப்பட வேண்டுமே! என்ன செய்வது, முழு மதிப்பெண் போட்டு, கையெழுத்தும் போட்டு, முதல்வருக்கு நானே அனுப்பிவிட்டேன். மகளைத் தயங்காமல் சேருங்கள், பாடம் அவ்வளவு நன்றாக இருக்கிறது. நான் இனி வீட்டில்தான் இருப்பேன். எல்லோரும் குடும்பத்தோடு வாருங்கள், உட்கார இடத்துக்குக் குறைவில்லை.