நான் கட்டிய தனிக்கொடி

இந்த வருஷம் ரெகுலாவைத் தோற்கடித்தே தீருவது என்று ஒரு மே மாதக் காலையில், பால் கறந்துகொண்டே முடிவு செய்தேன். ரெகுலா என் மனைவி.

எங்கள் ஆல்ப்ஸ் பள்ளத்தாக்கில் ஆணும் பெண்ணும் துப்பாக்கியோடுதான் வளர்கிறோம். முந்நூறு மீட்டர், பத்துக் குண்டு, நூறு புள்ளி. ஊர்த் துப்பாக்கிச் சங்கத்தில் முதலாவதாக வருகிறவரைத் தெற்கே ஏரிக்கரையில் நடக்கும் பெரிய போட்டிக்கு அனுப்புவார்கள். மூன்று நாள். அங்கே பனைமரம்கூட உண்டாம்! வீட்டில் மிஞ்சுகிறவர் புல் அறுத்துக் காயவைக்க வேண்டும். மூன்று வருஷமாக மிஞ்சுகிறவன் நான்தான்.

கண்ணை மூடினேன். ஏரி, படகு, அதில் மல்லாந்து நான். தண்ணீர் படகைத் தட்டித் தட்டித் தூங்கவைத்தது. வாளி நிரம்பிப் பால் செருப்பில் வழிந்த பிறகுதான் விழித்தேன்.

என் கை நடுங்காது. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, இரண்டு இதயத்துடிப்புக்கு நடுவில் விசையை அழுத்துவேன். காற்றுதான் என் எதிரி. இலக்குப் பக்கம் காற்றைக் காட்டச் சங்கம் நட்ட கொடி ஒன்று சொல்லும். பாதி வழியில் ஓடைப் பள்ளத்தில் காற்று வேறொன்று செய்யும். அந்தப் பள்ளத்து ஓரத்தில்தான் எங்கள் வீடு, எங்கள் துணிக்கொடி. எல்லாருக்கும் ஒரு கொடி. எனக்கு மட்டும் இரண்டு!

அன்றே துவைக்க ஆரம்பித்தேன்.

"என்ன பால்ட்ஸ், உடம்பு சரியில்லையா?"

"எத்தனை நாள்தான் நீயே துவைப்பே? இனிமே துணி என் பொறுப்பு."

"பதினெட்டு வருஷத்துல இன்னைக்குத்தான் கண்ணுல பட்டுச்சா?"

"அன்பு கொஞ்சம் லேட்டா வந்திருக்கு."

"வரட்டும். அப்படியே அந்தக் கம்பளியையும் துவைச்சுடு."

மூன்று வாரம் துவைத்தேன். மாலையில் சுடுமிடத்தில் படுத்து, தொலைநோக்கி வழியே என் படுக்கை விரிப்புகளைப் பார்ப்பேன். வெள்ளையாக உப்பும், சோம்பலாக அடங்கும். பாய்மரம் போலவே இருக்கும். பல நாள் சுடவே மறந்து கிடந்தேன்.

"துணியைப் பாத்து என்ன முணுமுணுக்கிறே?" என்றாள் ஓடைக்கு அக்கரையில் இருக்கும் ட்ரூடி. அவளும் சங்கத்து ஆள்.

"வெளுத்திருக்கான்னு பாக்கிறேன்."

"வெளுத்திருக்கான்னு பாக்க 'குறியை இடது பக்கம் ரெண்டு திருகு' எதுக்கு?"

இருமிச் சமாளித்தேன்.

போட்டி நாள். "நான் முன்னாடி போறேன். வரவேற்பறைத் திரைச்சீலையைத் துவைச்சுப் போட்டுட்டு வா," என்றாள் ரெகுலா. எவ்வளவு அகலம்! என்ன வெள்ளை! ஆசையாகத் துவைத்துக் கொடியில் போட்டேன். கொஞ்சம் கனத்தது. நனைந்த துணி, கனக்காதா?

சுடுமிடத்துப் பாயில் படுத்துப் பார்த்தேன். திரைச்சீலை சுவரில் வரைந்த ஓவியம் மாதிரி நின்றது. சங்கத்துக் கொடியும் தொங்கிக் கிடந்தது. ஆகா, காற்றே இல்லை! குறியைத் திருத்தாமல் நேர் நடுவில் வைத்துச் சுட்டேன். ஏழு. மறுபடி ஏழு. ஆறு. எல்லாம் வலப்பக்கம். கண்ணைச் சந்தேகித்தேன், கையைச் சந்தேகித்தேன், காலையில் தின்ற பாலாடைக்கட்டியைக்கூடச் சந்தேகித்தேன். நானே துவைத்த துணியை எப்படிச் சந்தேகிப்பது?

எனக்கு எழுபத்தொன்று. ரெகுலாவுக்குத் தொண்ணூற்று நாலு.

"ரெகுலா, காத்து அடிச்சுதா?"

"வலது பக்கமா நல்லா அடிச்சுதே!"

"திரைச்சீலை அசையவே இல்லையே!"

"எப்படி அசையும்? நேராத் தொங்கணும்னு அடிமடிப்பு முழுக்க ஈயக்குண்டு வெச்சுத் தைச்சிருக்கேன்."

"அப்ப நீ எதைப் பாத்து சுட்டே?"

அக்கரையைக் காட்டினாள். ட்ரூடியின் கொடியில் ஒற்றைச் சிவப்புப் பட்டுத்துணி பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது.

"சரி, போயிட்டு வா," என்றேன் பெருந்தன்மையாக. "புல்லை நான் பாத்துக்கிறேன்."

"இந்த வருஷம் ஜெயிக்கிறவங்க கூட ஒருத்தரைக் கூட்டிட்டுப் போகலாம் பால்ட்ஸ். புல்லுக்கு ஆள்கூடச் சொல்லி வெச்சு, உன் பேரைத்தான் எழுதிக் குடுத்திருந்தேன்."

அவள் துப்பாக்கியையும் வாங்கி என் தோளில் மாட்டிக்கொண்டேன். "ரெகுலா..."

"நேத்துதான் அதை அடிச்சுட்டு ட்ரூடி பேரை எழுதினேன்."