கணக்குப் போடும் கிராபிக்ஸ் கார்டு

துறைமுகத்தில் என்னைப்போல் கிரேன் ஓட்டியவன் எவனும் இல்லை. ஒருமுறை நங்கூரத்தை எடுக்க மறந்து ஒரு கப்பல் கிளம்பப் பார்த்தது. நான் கொக்கியைப் போட்டுக் கப்பலையே தூக்கி நிறுத்தினேன். கேப்டன் தேம்பித் தேம்பி அழுதான்.

இதை நம்பாத ஒரே ஆள் உசேன். அவனும் கிரேன்காரன்தான். இரண்டு பேரும் ரிடையர் ஆகி, இரண்டாயிரமாம் வருஷமும் பிறந்து வளர்ந்துவிட்டது. கல்மண்டபம் டீக்கடையில் எங்கள் வழக்கு மட்டும் முடியவில்லை. கிரேன் ஓட்டுவதில் யார் கை சுத்தம்?

தீர்த்துக்கொள்ளக் கிரேனுக்கு எங்கே போவது? உசேனின் மருமகன் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு கார் ரேஸ் இருந்தது.

"அதுல ஓட்டிப் பாத்துடலாம் மாமு. தோத்தவன் இந்த பெஞ்சு மேல ஏறி, 'இவன்தான் கிரேன்காரன், நான் சும்மா கூட நின்னவன்'னு எல்லார் எதிர்லயும் சொல்லணும்" என்றான் உசேன்.

"சொல்லு நைனா சொல்லு, நல்லா மனப்பாடம் பண்ணிக்கோ. அடுத்த மாசம் மொத ஞாயித்துக்கெழம. எங்கூட்லயே வெச்சிக்கலாம்!"

என் வீட்டில் கம்ப்யூட்டரே இல்லை என்பது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது.

மனைவி புஷ்பவல்லியிடம், "ரிடையரானவங்க சங்கத்துக் கணக்கு எழுத ஒரு கம்ப்யூட்டர் வேணும்" என்றேன்.

"வாங்கேன்" என்றாள்.

புஷ்பவல்லி சண்டை போட்டால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். ஒத்துக்கொண்டால்தான் தூக்கம் போகும்.

"நானும் கடைக்கு வரேன்" என்றாள். பசியும் போயிற்று.

தண்டையார்பேட்டையில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தரும் ஜெரினாவிடம் முன்னாடியே போய் ரகசியமாகப் பாடம் கேட்டு வைத்திருந்தேன். "கார் ஓட்றதுக்கு கிராபிக்ஸ் கார்டுதான் நைனா உசுரு. ப்ராசசர்ல ஒரு படி எறங்கு, ஒண்ணும் ஆவாது. ஹார்ட் டிஸ்க் சின்னது போதும். கரண்டு வாங்கித் தர்ற பொட்டியில மட்டும் கஞ்சத்தனம் பண்ணாத. நம்ம ஏரியா வோல்டேஜுக்கு பட்டாசு மாதிரி வெடிச்சிடும்."

கடையில் புஷ்பவல்லி எல்லாவற்றையும் வஞ்சிர மீனைப் புரட்டுவதுபோல் புரட்டினாள். கை நேராகக் கார்டில் போய் நின்றது.

"இன்னா ஜெரினா இது, ஃபேன்லாம் வெச்சிகினு கீது?"

"கிராபிக்ஸ் கார்டுக்கா."

"கணக்கு எழுத இது எதுக்கு?"

ஜெரினா மேற்கூரையில் ஒட்டடை இருக்கிறதா என்று பார்த்தாள். நான் முந்திக்கொண்டேன். "பெரிய கணக்குடி. போடப் போட சூடாவும். அதான் ஃபேன்."

"இது இல்லாம ஆவாதா?"

"இது இல்லேன்னா கூட்டல்லாம் கழித்தலாயிடும்."

கப்பலைத் தூக்கியது உண்மை. இது பொய். ஆனாலும் புஷ்பவல்லி தலையாட்டினாள்.

"அப்போ கார்டு இருக்கட்டும். ஆனா கொண்டாந்த துட்டுக்கு மேல போவுது. எதுனா ஒண்ண கழிக்கணும்."

"கேபினட்ட கழிச்சிடு! சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுல தகரம் வாங்கி நானே வளைச்சிக்கிறேன்."

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. மானிட்டரின் தலையில் தட்டினாள். "இது டிவிதானே?"

"மானிட்டருடி! இது இல்லாம எதுல பாக்கறது?"

"நம்மூட்ல ஒண்ணு கீதே. ஏன் ஜெரினா, இந்த கார்டுல டிவிக்கு ஒயர் குத்த ஒரு ஓட்ட கீதாமே?"

ஜெரினா என்னைப் பார்த்தாள். நான் கண்ணாலேயே அவள் காலில் விழுந்தேன்.

"கீதுக்கா" என்றாள் பாவி. "இந்த கார்டுல மட்டுந்தான் கீது."

"இதெல்லாம் உனுக்கு யாருடி சொன்னது?" என்று புஷ்பவல்லியைக் கேட்டேன்.

"உசேன் அண்ணன் சம்சாரம் சொல்லிச்சு."

வேறு என்னவெல்லாம் சொல்லிச்சு? கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம். ஷேர் ஆட்டோவில் வீடு வரைக்கும் என் தொடை நடுங்கியதில் பக்கத்து ஆள், "வண்டில இன்ஜின் ரெண்டா?" என்று டிரைவரைக் கேட்டார்.

எங்கள் டிவியில் காலையில் ஒருத்தி அழ ஆரம்பித்தால், ராத்திரி வேறொருத்தி அழுது முடிப்பாள். நடுவில் சந்து கிடையாது.

"வெளம்பரம் போடும்போது நீ கணக்கு எழுதிக்கோய்யா" என்று ரிமோட்டை என் பக்கத்தில் வைத்தாள். "முடிஞ்சதும் நீயே மாத்திடணும். என்னைக் கத்த வுடாத."

ரிமோட்டில் ஒரு பொத்தான். ஒருதரம் அழுத்தினால் கார், மறுதரம் அழுத்தினால் அழுகை. சோப்பு விளம்பரம் வந்தால் கிளம்புவேன். பற்பசையில் வேகம் எடுப்பேன். புடவைக் கடையில் முதல் வளைவு. வளைவு முடியும்போது விளம்பரமும் முடிந்துவிடும். ஒருநாள் கொஞ்சம் அசந்துவிட்டேன். அன்று குழம்பில் மீன் என் தட்டுக்கு வரவில்லை. அதற்கப்புறம் நான் அசரவே இல்லை.

"கணக்கு எழுதறப்ப ஏய்யா டுர்ர்ருனு சத்தம் வருது?"

"பெரிய தொகைடி."

"ஓ" என்பாள். அந்த 'ஓ'வுக்குப் பயந்தே நான் ஒரு சுற்று இளைத்துவிட்டேன். இரண்டாவது வளைவு எப்படி இருக்கும் என்று தெரியாமலே ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

உசேன் தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு வந்தான். புஷ்பவல்லி தானாகவே ரிமோட்டை என்னிடம் நீட்டினாள். "இன்னிக்குப் பூரா டிவி உங்குளுக்குத்தான்." வாங்கி, வழக்கம்போல் இடது பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

உசேன் முதலில் ஓட்டினான். சுவரில் முட்டினான். மரத்தில் முட்டினான். நடுவில் வந்த வழியே திரும்பிப் போனான். நான் ஒரு வாய் வெற்றிலை போட்டு முடித்த பிறகுதான் ஒரு வழியாகச் சுற்றை முடித்தான். நான் வேகம் காட்ட வேண்டாம், ஓட்டி முடித்தாலே போதும். உருட்டிக்கொண்டு போனாலும் ஜெயிப்பேன்!

உட்கார்ந்தேன். கிளம்பினேன். முதல் வளைவில் வண்டியைத் திருப்பினேன் பாருங்கள், துறைமுகமே எழுந்து நின்று கைதட்டியிருக்கும். "மாமூ!" என்று உசேனே எழுந்துவிட்டான்.

வளைவு முடிந்தது. நான் சொல்லவில்லை, நினைக்கவில்லை. என் இடது கை தானாகப் போய் ரிமோட்டை எடுத்துப் பொத்தானை அழுத்தியது.

திரையில் ஒருத்தி அழுதாள். பதறிப்போய் மறுபடி அழுத்தியபோது, என் கார் கடலுக்குள் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

"இன்னா மாமு பண்ண?" என்றான் உசேன், வாயைப் பிளந்து.

அடுப்படி வாசலில் சாய்ந்து நின்ற புஷ்பவல்லி பதில் சொன்னாள்.

"நல்லா பழக்கி வெச்சிகீறேன் இல்ல, உசேனண்ணே?"