பள்ளத்துக்குப் பாராட்டு விழா

தமிழன் தலைநகரத்துக்கு என்னதான் கொடுத்தான் என்று இனி எவனும் கேட்க முடியாது. டெல்லி ரிங் ரோட்டுக்கு அடியில், மூத்திர வாடை பிடித்த ஒரு சுரங்கப்பாதையின் இடது கைச் சுவரில், தாரில் எழுதிய மூன்று வரியைக் கொடுத்திருக்கிறான். அந்த மூன்று வரிக்கு விளக்குப் போட்டார்கள், கயிறு கட்டினார்கள், காவலுக்கு ஆள் வைத்தார்கள். பெரிய பெரிய தலைகள் எல்லாம் அண்ணாந்து பார்த்தன. ஒரு தலைகூடக் கீழே பார்க்கவில்லை. கலை ரசனை என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும்.

எழுதியவர் பச்சைமுத்து. படைப்பாளியின் வாழ்க்கைக் குறிப்பு மிகவும் சின்னது. திருக்கோவிலூர்ப் பக்கம் பிறந்தார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரை விட்டது. அவரும் அதை விட்டார். டெல்லிக்கு வந்து ஒரு சர்க்கார் கிடங்கில் காவல்காரராக இருந்து, கிழவரானதும் பென்ஷன் வாங்கினார். காவல் காத்த பழக்கத்தில் யாரையும் நம்பமாட்டார். ரேடியோவில் மணி சொன்னால் வெளியே வந்து வெயிலைப் பார்ப்பார். கடைக்காரன் நிறுத்துக் கொடுத்த உப்பை இன்னொரு கடையில் கொடுத்து நிறுத்துப் பார்ப்பார். இப்படிப்பட்ட ஆள் கலைக்குள் வந்ததற்கு அவர் மனைவி முத்தம்மாதான் காரணம்.

முத்தம்மா ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற, கோட்டி என்று சொல்கிற பங்களாக்களில் வேலை பார்ப்பவள். பாத்திரம் தேய்ப்பாள், வீடு துடைப்பாள். காலையில் போகவும் மாலையில் வரவும் அவளுக்கும் அவள் கூட்டாளிப் பெண்களுக்கும் அந்தச் சுரங்கப்பாதைதான் வழி. மேலே ரோட்டைத் தாண்டலாம் என்றால், பஸ்காரன் மனிதனைப் பார்த்து பிரேக் போடுகிற ஊர் இது இல்லை.

சுரங்கப்பாதையின் நடுவில் ஒரு சாக்கடைக் குழி. அதன் இரும்பு மூடியை எவனோ பெயர்த்து, பழைய இரும்பு வாங்குகிற கபாடிக்காரனிடம் எடைக்குப் போட்டுவிட்டான். அந்த இடத்தில்தான் டியூப்லைட்டும் செத்துக் கிடந்தது. முத்தம்மா ஒரு நாள் அதற்குள் காலை விட்டு, செருப்பைக் குழிக்குக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தாள். பச்சைமுத்து நேரே ஜூனியர் இன்ஜினியரிடம் போனார். அந்த அதிகாரியின் தெளிவை இங்கே போற்றாமல் இருக்க முடியாது.

"எங்க ரிக்கார்டுல மூடி இருக்கு" என்றார் அதிகாரி இந்தியில்.

"சாப், அங்க பள்ளம்தான் இருக்குது."

"பள்ளமும் இருக்கலாம். மூடியும் இருக்கு. இருக்கிற மூடி மேல இன்னொரு மூடி எப்படிப் போடறது?"

பச்சைமுத்து திரும்பி வந்தார். யாரோ இடித்துப் போட்ட ஜுக்கிக் குடிசையிலிருந்து ஒரு கதவுப் பலகையை இழுத்துவந்து குழியின் மேல் போட்டார். அதையும் எவனாவது அடுப்பெரிக்கத் தூக்கிக்கொண்டு போவான் என்ற 'நம்பிக்கை' அவருக்கு இருந்தது. அதனால் ரோடு போடுகிறவர்கள் விட்டுப்போன தாரைக் கொட்டாங்குச்சியில் அள்ளி, குச்சியில் கந்தலைச் சுற்றி, குழிக்கு எதிர்ச் சுவரில் எழுதினார்:

பாத்துப் போ
பள்ளம்
விழுந்தா எவனும் வரமாட்டான்

அடியில் குழியைக் காட்டி ஓர் அம்புக்குறி. தமிழில் ஏன் எழுதினார் என்றால், அவருக்குத் தெரிந்த எழுத்து அது ஒன்றுதான். தவிர அந்த வழியாகப் போகிற பெண்கள் எல்லாம் நம்ம பக்கத்துச் சனம். இந்திக்காரன் விழுந்தால் இந்திக்காரன் எழுதிக்கொள்ளட்டும் என்பது அவர் கொள்கை.

இரண்டு வருஷம் அந்த எழுத்தை ஒரு நாய்கூட மதிக்கவில்லை. பிறகு 2009 வந்தது. அடுத்த வருஷம் டெல்லியில் விளையாட்டுப் போட்டி. ஊரே சுவருக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தது. 'தலைநகர்த் தமிழ்க் கலாரசிகர் பேரவை' என்ற ஒரு மகத்தான அமைப்பு சுவர் ரசிப்பில் இறங்கியது. தலைவர் விஸ்வநாதன். கும்பகோணத்துக்காரர். மத்திய சர்க்கார் மந்திராலயம் ஒன்றில் துணைச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பெண் ஷ்ருதி டெல்லியில் பிறந்து, வெளிநாட்டில் 'நகரச் சுவர்க்கலை' படித்துவிட்டு வந்திருந்தாள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. அதனால்தான் அந்த எழுத்தின் அழகு அவளுக்குத் தெரிந்தது. படிக்கத் தெரிந்தவன் படித்துவிட்டுப் போய்விடுவான்.

"அப்பா, இந்த எழுத்து வளையற கர்வ் பாருங்களேன். மத்லப், ஐ மீன், எவ்வளவு கோபம் இதுல."

விஸ்வநாதன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். அவருக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்த வாரமே சுவருக்கு முன்னால் பட்டுக்கயிறு கட்டியாயிற்று. நடந்துபோகிறவர்கள் யாரும் எழுத்தைத் தொட்டுவிடக் கூடாதாம். பாதை ஏற்கெனவே குறுகல். கயிற்றுக்கு இந்தப் பக்கம், சுவரை ஒட்டின இடம் ரசிகர்களுக்கு, அந்தப் பக்கம் மிச்சமிருந்த ஒற்றையடி அகலம் ஜனங்களுக்கு. அந்த ஒற்றையடியில்தான் குழி. பலகை இருந்ததால் பெண்கள் அதன் மேல் ஏறிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

விழா அன்று பிற்பகல் பச்சைமுத்து வேடிக்கை பார்க்கப் போனார். பலகையைக் காணோம். குழி வாயைத் திறந்துகொண்டிருந்தது.

"பலக எங்கம்மா?" என்றார் ஷ்ருதியிடம்.

"எடுத்துட்டோம் தாத்தா. பெய்ன்ட் போன கதவு, ஃபோட்டோல அசிங்கமா விழுது."

"அது இல்லன்னா ஆளு விழுவாங்க. பள்ளத்த மூடு பாப்பா."

"மூடினா எழுத்துக்கு மீனிங்கே போயிடும். பள்ளம் இல்லாத இடத்துல பள்ளம்னு எழுதியிருந்தா அது பொய் ஆயிடாதா? ஆர்ட் பொய் சொல்லக்கூடாது தாத்தா."

"அத்த எழுதனதே நாந்தான்."

ஷ்ருதி அவரை அன்போடு பார்த்தாள். "ஆக்சுவலி, ஆர்ட்டிஸ்ட் அனானிமஸ்."

"அப்படின்னா?"

"பேர் தெரியாதவர்."

"அதான் சொல்றேனே, பச்சைமுத்து."

"இப்போ சொன்னா எப்படி தாத்தா? பிளேட் அடிச்சாச்சு."

பித்தளைத் தகடு நிஜமாகவே சுவரில் இருந்தது. தகடு பொய் சொல்லாது. பச்சைமுத்துவே ஒரு நிமிஷம் தன்மேல் சந்தேகப்பட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு அவர் யோசித்தார். எழுத்து இருப்பதால்தான் கயிறு. கயிறு இருப்பதால்தான் பலகை போயிற்று. எழுத்தை எடுத்துவிட்டால் எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நேரே வீட்டுக்குப் போய் மண்ணெண்ணெயும் கோணிச் சாக்கும் கொண்டுவந்தார். கயிற்றுக்குள் குனிந்து நுழைந்து 'பாத்துப்' என்பதில் ஒரு கால் எழுத்தைத் தேய்ப்பதற்குள் காவல்காரன் கையைப் பிடித்துவிட்டான்.

"பாபா, என்ன பண்றே? இது அரசாங்கச் சொத்து. கெடுத்தா ஜெயில்."

"எழுதும்போது எங்கடா போன?"

"எழுதினா கேஸ் சின்னது. அழிச்சா பெருசு."

நாட்டின் சட்டம் இவ்வளவு நுட்பமானது என்று பச்சைமுத்துவுக்கு அதுவரை தெரியாது. போலீஸ் வரைக்கும் போயிருக்கும். விஸ்வநாதன்தான் குறுக்கே வந்து பெருந்தன்மை காட்டினார்.

"விடுப்பா. பெரியவர் ரசிகர். உணர்ச்சிவசப்பட்டுட்டார். பெரியவரே, இப்படி முன் வரிசையில ஒக்காருங்கோ. எங்கேயும் எழுந்து போகப்படாது."

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்து, தோளில் ஒரு சால்வையைப் போட்டார்கள். காவல்காரன் பின்னால் நின்று சால்வையின் மேல் கையை வைத்துக்கொண்டான். பார்ப்பவர்களுக்கு அது மரியாதை மாதிரியே இருந்தது.

மாலையில் கூட்டம் சேர்ந்தது. டெல்லிப் புறநகரான துவாரகாவிலிருந்து கார் வைத்துக்கொண்டு வந்தவர்கள், கழுத்தில் கேமரா தொங்கவிட்டவர்கள், குழந்தைகளுக்குத் தமிழ்ப் பண்பாடு காட்ட வந்தவர்கள். சுவரைப் பார்த்துப் பெரிய விளக்குகள் இரண்டு. அந்த வெளிச்சத்தில் தார் எழுத்து பளபளத்தது. குழி மட்டும் இன்னும் கறுப்பாகிப் போயிற்று.

விஸ்வநாதன் பேசினார். "பள்ளம். ஒரே சொல். தன்னந்தனியா, ஒரு வரி பூரா நிக்கறது. ஊரைவிட்டு வந்த ஒவ்வொரு தமிழன் மனசுக்குள்ளயும் இருக்கற பள்ளம் அது. அடுத்தது பாருங்கோ. 'எவனும் வரமாட்டான்.' எவன்? கடவுளா? நண்பனா? வரலாறா?"

"ஜூனியர் இன்ஜினியர்" என்றார் பச்சைமுத்து.

கூட்டம் ரசித்துச் சிரித்தது. ஷ்ருதிக்கு ஒரு யோசனை தோன்றியது. "அப்பா, இந்த தாத்தாவையே படிக்கச் சொல்லலாமே. மண்ணோட வாய்ஸ்."

மைக்கைப் பச்சைமுத்துவின் வாய்க்கு நேராக நீட்டினார்கள். அவர் எழுந்தார். படிக்கிற எண்ணம் அவருக்கு இல்லை. நாலு வார்த்தை திட்டலாம் என்றுதான் எழுந்தார். அப்போதுதான் அந்தக் கோடியில், படிக்கட்டில், முத்தம்மா இறங்கி வருவதைப் பார்த்தார். இடுப்பில் தூக்குவாளி. விளக்கு வெளிச்சத்தில் கண் கூசவே கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, பழகின வழி என்று கயிற்றை ஒட்டி வேகமாக நடந்தாள். காலையில் போகும்போது பலகை இருந்தது. இப்போதும் இருக்கும் என்றுதான் அவள் கால் நினைத்துக்கொண்டிருந்தது.

"பாத்துப் போ" என்று கத்தினார் பச்சைமுத்து.

சுரங்கம் முழுக்க அதிர்ந்தது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"பள்ளம். முத்தம்மா, பள்ளம்."

"ஆஹா, 'முத்தம்மா'ன்னு சேர்த்துண்டார் பாருங்கோ" என்றார் விஸ்வநாதன். முதலில் அவர்தான் கைதட்டினார். பிறகு எல்லாரும். சுரங்கத்தில் ஒரு கை தட்டினால் நூறு கை தட்டின மாதிரி கேட்கும். அங்கே எல்லாக் கையும் தட்டியது. பச்சைமுத்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். வாய் அசைவதுதான் தெரிந்தது. முத்தம்மா இவரைப் பார்த்தாள். தன் புருஷனுக்குச் சால்வை போட்டு ஊரே கைதட்டுவதைப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவரைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுத்த காலை எடுத்துவைத்தாள்.

தூக்குவாளி உருண்ட சத்தம்கூடக் கைதட்டலில் கேட்கவில்லை. முதலில் கேமராக்காரர்கள்தான் பார்த்தார்கள். கயிற்றைத் தாண்டக் கூடாது என்பதால் ஒழுங்காக அந்தப் பக்கமே நின்று, குனிந்து, நன்றாகப் படம் எடுத்தார்கள். "நாடகமும் வெச்சிருக்காங்களா, ரொம்ப தத்ரூபம்" என்று பக்கத்து நாற்காலியில் ஒரு துவாரகாக்காரர் சொன்னது பச்சைமுத்து காதில் விழுந்தது. அவர் சால்வையைக் காவல்காரன் கையிலேயே விட்டுவிட்டு ஓடினார். கயிறு அறுந்தது. விழாவில் ஏற்பட்ட ஒரே சேதம் அது என்பதால், அதைப் பற்றி அன்றைக்கே ஷ்ருதி வருத்தப்பட்டாள்.

மறுநாள் சர்க்கார் ஆஸ்பத்திரியில் முத்தம்மா காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தாள். முட்டிக்குக் கீழே இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. இனி கோட்டி வேலைக்குப் போக முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விஸ்வநாதன் ஒரு பை ஆப்பிளோடு வந்தார். கலையுள்ளம் படைத்தவர், வராமல் இருப்பாரா?

"எப்படிம்மா இருக்கேள்? எல்லாப் பேப்பர்லயும் படம் வந்துடுத்து."

"பள்ளத்துக்கு மூடி போட்டாச்சா, சார்?" என்று கேட்டார் பச்சைமுத்து.

"அதவிடப் பெரிசாவே பண்ணிட்டோம். ரெண்டு வாசல்லயும் கேட் போட்டுப் பூட்டியாச்சு. ஞாயித்துக்கிழமை மட்டும் ரசிகாளுக்குத் திறப்போம். நடந்தாத்தானே விழறது?"

"மத்த பொம்பளைங்க எப்படி ரோட்டத் தாண்டுவாங்க?"

"மேல அத்தனாம்பெரிய ரோடு இருக்கே."

முத்தம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "யோவ், அந்தாளு கால்ல உழுந்து கும்புடறேன்னு சொல்லி அனுப்பிடு. என்னால எழுந்து உழ முடியாது" என்றாள்.

விஸ்வநாதன் கிளம்பவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பை மடியில் இருந்தது. "ஒரு விஷயமா வந்தேன் பெரியவரே. நேத்திக்கு நீங்க படிச்சதுல எல்லாரும் ஆடிப்போயிட்டா. எழுதினது நீங்கதானோன்னு எனக்கே ஒரு சந்தேகம். இன்னொரு சுரங்கப்பாதை கிடைச்சிருக்கு. அதுக்கு ஏத்தாப்ல நாலு வரி சொல்லுங்கோ."

பச்சைமுத்து முத்தம்மாவின் போர்வையை இழுத்துவிட்டார்.

"புதுசு எதுக்கு சார். பழசுலயே ஒரு தப்பு இருக்குது. விழுந்தா எவனும் வரமாட்டான்னு எழுதிட்டேன். பொய்யாப் பூட்சு. அத்தினி பேரும் வந்து நின்னீங்க. அத்த அழிச்சிட்டு, 'விழுந்தா கைதட்டுவானுங்க'ன்னு மாத்திடுங்க."

விஸ்வநாதன் கண்ணை மூடி அந்த வரியை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. மடியிலிருந்த ஆப்பிள் பையைத் தூக்கி, இடம் தேடி, முத்தம்மாவின் மாவுக்கட்டுக் காலின் மேல் வைத்தார்.

கைதட்ட இரண்டு கையும் வேண்டும்.