வாட்ச் கட்டிக்கொண்டு மணி கேட்டவன்

துப்பறியும் கதை படித்துக் கெட்டுப்போனவனை எப்படியாவது திருத்திவிடலாம். ரேடியோவில் கேட்டுக் கெட்டுப்போனவனைத் திருத்தவே முடியாது. புத்தகமென்றால் பிடுங்கி அடுப்பில் போட்டுவிடலாம். காதுக்குள் போனதை என்ன செய்வது? நான் இரண்டாவது ரகம்.

அறுபதுகளின் கடைசி அது. நான் காரைக்குடியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன் (போய்வந்துகொண்டிருந்தேன் என்று சொன்னால் பொய் கொஞ்சம் குறையும்). செக்காலையில் எங்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் திருச்சி ரேடியோவில் ஒரு தொடர் நாடகம் வரும். யுத்தகாலத்து ரங்கூனில் நடக்கிற கதை. மேலே ஜப்பான்காரன் விமானம், கீழே கொலை, நடுவில் துப்பறியும் தயாளன். ஊரே குண்டுக்குப் பயந்து ஓடும்போது இந்தத் தயாளன் மட்டும் பூதக்கண்ணாடியும் கையுமாக சிகரெட் துண்டு பொறுக்கிக்கொண்டிருப்பார். எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. நானும் ஒரு பூதக்கண்ணாடி வாங்கி வீட்டில் துப்பறிய ஆரம்பித்தேன். பாதாம்பருப்பு டப்பாவை யாருக்கும் தெரியாமல் காலி செய்வது எங்கள் அப்பச்சிதான் (அப்பாவை நாங்கள் அப்பச்சி என்போம்) என்று எல்லார் முன்னாலும் நிரூபித்து அறை வாங்கினேன். நான் வெற்றிகரமாக முடித்த ஒரே கேஸ் அது.

எங்கள் வீட்டில் விசாலம் அயித்தை இருந்தாள். அப்பச்சியின் தங்கை. பிள்ளை இல்லை. மாமா ரங்கூனில் ஒரு வட்டிக்கடையில் வேலைக்குப் போனவர். அப்போதெல்லாம் எங்கள் ஆட்கள் கப்பலேறினால் மூன்று வருஷம் கழித்துத்தான் திரும்புவார்கள். மாமா அப்படி ஒரு முறை வந்தார், சில மாதம் இருந்தார், திரும்பப் போனார். அதற்குப் பிறகு யுத்தம் வந்தது. குண்டு விழுந்ததும் ரங்கூனிலிருந்து காட்டுவழியாக நடந்தே வந்து சேர்ந்தவர்கள் உண்டு. மாமா வரவில்லை. அவர் செத்ததைப் பார்த்தேன் என்று சொல்லவும் ஒருவரும் வரவில்லை.

அதனால் அயித்தை பொட்டு வைத்துக்கொண்டாள், பூ வைத்துக்கொண்டாள். எங்கள் கோயில் கணக்கில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தால் ஒரு புள்ளி. புருஷன் போய்விட்டால் அவள் அரைப்புள்ளி. அயித்தை இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் முழுப்புள்ளியாகவே இருந்தாள். அந்த வருஷம் பெரியவர்கள் கூடி, போதும், தை பிறந்ததும் தர்ப்பைப் புல்லில் ஆள் செய்து கொளுத்திக் காரியத்தை முடித்துவிடலாம், எத்தனை நாளைக்கு அந்த ஆத்மா அலையும் என்று முடிவு செய்துவிட்டார்கள். அயித்தை ஒன்றுதான் கேட்டாள்.

"பாத்தவுக ஒருத்தரு வந்து சொல்லட்டும் அண்ணே. அப்பறம் நீங்க என்ன சொன்னாலும் செய்யுறேன்."

அப்பச்சி எழுந்து போய்விட்டார். அப்போது மார்கழி நடந்துகொண்டிருந்தது.

அந்த மார்கழியில்தான் புது அத்தியாயம் வந்தது. குண்டு விழுகிறது (ஸ்டுடியோவில் யாரோ தகரத்தை அடிக்கிறார்கள் என்று இப்போது தெரிகிறது, அப்போது நான் நாற்காலிக்குப் பின்னால் ஒதுங்கினேன்). ஒரு வட்டிக்கடையில் எல்லாரும் ஓடத் தயாராகிறார்கள். அந்தக் கடையின் கணக்குப்பிள்ளை மட்டும், "நீங்க முன்னால போங்க. பெட்டகத்தைப் பூட்டிட்டு நான் பின்னாடியே வாரேன்" என்கிறார். அவ்வளவுதான் அவருக்கு வசனம். அடுத்த காட்சியில் தயாளன் வேறு எங்கேயோ சிகரெட் துண்டோடு நிற்கிறார்.

நாடகம் முடிந்து திரும்பிப் பார்த்தால், உள்முற்றமான வளவுக்கும் ரேடியோ இருக்கிற முகப்புக்கும் நடுவில் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு அயித்தை நின்றாள். கையெல்லாம் உளுந்து மாவு.

"சொக்கு, இப்பப் பேசுனது யாரு?"

"தயாளனா அயித்தை?"

"அவுக இல்ல. பின்னாடியே வாரேன்னு சொன்னாகள்ல, அவுக."

"கணக்குப்பிள்ளையா நடிக்கிறவரு. பேரக் கவனிக்கல."

"அது உங்க மாமா கொரலுப்பா."

நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் அதில் ஒரு நியாயம் இருந்தது. அந்தக் காலத்து வீட்டில் ஆண்கள் முகப்பில், பெண்கள் உள்கட்டில். புதுப்பெண் பகல் வெளிச்சத்தில் புருஷன் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. மாமாவின் படம் என்று வீட்டில் இருந்ததும் செல்லரித்துவிட்டது. அயித்தைக்கு அவர் முகம் மறந்துபோயிருந்தது. ஆனால் முகப்பில் அவர் பேசுவது இரண்டு கட்டு தாண்டி அடுப்படி வரைக்கும் வரும். அவளிடம் மிச்சமிருந்த புருஷன் அந்தக் குரல்தான். இப்போது அதே முகப்பிலிருந்து, அதே இரண்டு கட்டைத் தாண்டி வந்திருக்கிறது.

என் மூளை தீப்பிடித்த மாதிரி வேலை செய்தது. யுத்தத்தில் அடிபட்டு, ஞாபகம் போய், யாரோ ஒருவராகத் திரும்பி வந்து, பிழைப்புக்காகத் திருச்சியில் நாடகம் பேசுகிறார் மாமா! இதைவிடத் தெளிவான கேஸ் தயாளனுக்கே வாய்த்ததில்லை. பிள்ளையார்பட்டிக்குப் போய் ஓர் அருச்சனை செய்துவிட்டு வருகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் அயித்தையும் நானும் திருச்சி ரயிலில் ஏறினோம். அயித்தை அரக்குக் கண்டாங்கி கட்டியிருந்தாள். புதுக்கோட்டை தாண்டியதும், "என்னைய அவுகளுக்கு அடையாளம் தெரியுமா சொக்கு?" என்று கேட்டாள். நான் ஒரு துப்பறிகிறவனுக்குரிய கம்பீரத்தோடு தலையாட்டினேன்.

ரேடியோ நிலையத்து வாசலில் காவல்காரர் எங்களை உள்ளே விடவில்லை. எதிரே ஒரு வடைக்கடை. நாடகம் பேசுகிறவர்கள் டீ குடிக்க அங்கேதான் வருவார்கள் என்று கடைக்காரர் சொன்னார். உடனே திட்டம் போட்டேன். அயித்தை கடையோரத்து வேப்பமரத்துக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். வருகிற ஆண்களை எல்லாம் நான் பேச வைப்பேன். மாமா குரல் கேட்டதும் அவள் இருமவேண்டும்.

பேச வைக்க நான் கண்டுபிடித்த யுக்தி: "சார், மணி என்ன?" இதில் ஒரே ஒரு குறை, என் கையில் வாட்ச் இருந்தது. முழங்கை வரைக்கும் சட்டையை மடித்துவிட்டிருந்ததால் எல்லாருக்கும் தெரிந்தும் இருந்தது. சிலர் மணி சொன்னார்கள். சிலர் என் வாட்சைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். ஒரு பெரியவர், "தம்பிக்கு மணி பாக்கத் தெரியாதா?" என்று கருணையோடு என் கையைப் பிடித்து, சின்ன முள் பெரிய முள் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். காவல்காரர் வாசலை விட்டு எங்களைப் பார்த்து நகர்ந்து வந்துகொண்டிருந்தார்.

அப்போது எனக்குப் பின்னால் யாரோ, "ரெண்டு வடை, சட்னி தனியா" என்றார்கள்.

மரத்துக்குப் பின்னால் இருமல் கேட்டது. ஒரு தடவை இல்லை, விடாமல்.

நான் திரும்பி ஆளைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. அப்படியே பாய்ந்து அந்தக் கையைப் பிடித்து, தயாளன் பாணியில், "இனி நீங்கள் ஒளிய முடியாது!" என்று முழங்கி, அடுத்த கணமே குடும்பப் பாசம் பொங்க, "மாமா!" என்று காலில் விழுந்தேன். வடை இரண்டும் என் தலைமேல் விழுந்தன. சட்னி தனியாக.

நிமிர்ந்து பார்த்தேன். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவனாக ஒரு பையன். அரும்பு மீசை. பயத்தில் வெளிறிப்போய் நின்றான். காவல்காரர் என் சட்டைக் காலரைப் பிடித்தார். கூட்டம் கூடிவிட்டது. "வாட்சும் கையுமா காலையிலேருந்து மணி கேட்டுக்கிட்டே திரியுதுங்க, எனக்கு அப்பவே சந்தேகம்" என்றார் கடைக்காரர். அவரும் துப்பறிகிறவர்தான் போலிருக்கிறது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாமா உயிரோடு இருந்தால் ஐம்பது தாண்டியிருக்கும். மனுஷனுக்கு வயதானால் குரலுக்கும் வயதாகும். அயித்தை மனதில் இருந்தது கப்பலேறிய இளவட்டத்தின் குரல். அந்தக் குரல் இன்றைக்கு இருக்குமென்றால் அது இன்னொரு இளவட்டத்திடம்தான் இருக்கும். இந்தச் சின்னக் கணக்கு என் பூதக்கண்ணாடியில் படவேயில்லை.

அயித்தை மரத்தை விட்டு வெளியே வந்தாள். அந்தப் பையனைப் பார்த்தாள். அவள் முகத்தை அப்போது பார்த்திருக்கக் கூடாது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். வீட்டிலிருந்து திருச்சி வரைக்கும் அவள் சேர்த்து வைத்துக்கொண்டு வந்ததெல்லாம் ஒரே நிமிஷத்தில் வடிந்துவிட்டது. ஆனாலும் அவள்தான் முதலில் பேசினாள்.

"விட்ருங்கய்யா. எங்க அண்ணன் மகன்தான். எம்மேலதான் தப்பு."

பிறகு அந்தப் பையனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். முகப்பு, அடுப்படி, கப்பல், தை மாதம் எல்லாம். பையன் நல்லவன். என் தலையிலிருந்த சட்னியைத் தன் கைக்குட்டையால் துடைத்தபடி கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தான்.

"தம்பி, அந்தப் பேச்ச ஒருக்கச் சொல்லுவீகளா?" என்றாள் அயித்தை.

அவன் கூச்சப்படாமல் சொன்னான். "நீங்க முன்னால போங்க. பெட்டகத்தைப் பூட்டிட்டு நான் பின்னாடியே வாரேன்."

அயித்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். திறக்கக் கொஞ்ச நேரமானது.

"அப்பறம் அவுக என்ன ஆனாக?"

"தெரியாதுங்கம்மா. எனக்கு அந்த ஒரு சீன்தான். அதுக்கப்புறம் அந்த ஆளப் பத்தி எழுதல."

"எழுதலன்னா? அங்கனயே விட்டுட்டாகளா?"

பையன் தரையைப் பார்த்தான். "என்ன ஆகணும்னு நீங்க நெனைக்கிறீங்க?" என்று மெதுவாகக் கேட்டான்.

"நான் என்னத்தச் சொல்லப்போறேன் தம்பி" என்றாள் அயித்தை. "தனியா விட்றாதீக. அவ்வளவுதான்."

அவன் எங்களுக்கு வடை வாங்கிக் கொடுத்தான். சாப்பிட்டுவிட்டு ரயிலேறினோம். வீட்டில் அப்பச்சி, "பிள்ளையார்பட்டி விபூதி எங்கடா?" என்றார். என் சட்டையில் தேங்காய்ச் சட்னிதான் இருந்தது. முழுதும் சொல்ல வேண்டியதாயிற்று. எனக்கு விழுந்த அறையை இங்கே விவரிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அயித்தை வேலையெல்லாம் முடித்துவிட்டு முகப்புக்கே வந்து ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்தாள். அப்பச்சி நகர்ந்து இடம் விட்டார். பாதி நாடகத்தில் தயாளன் ஓடிக்கொண்டிருந்தவர் திடீரென்று நின்று, "அந்தக் கணக்குப்பிள்ளை எங்கே?" என்றார். கொலையாளியை விட்டுவிட்டுத் திரும்பினார். இடிந்த கடைக்குள் கிடந்தவரைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு தண்ணீர் கொடுத்தார். கணக்குப்பிள்ளை அதிகம் பேசவில்லை. "ஊருல சொல்லிருங்க" என்றார். மூச்சு வாங்கியது. அதுவும் நின்றது. தயாளன், "சொல்லிவிடுகிறேன்" என்றார்.

அயித்தை எழுந்தாள். வளவைத் தாண்டி, அடுப்படியைத் தாண்டி, கொல்லைக் கிணற்றடிக்குப் போனாள். வாளி இறங்கும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், கட்டிய புடவையோடு தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். சாவுச் சேதி வந்தால் தலைமுழுகுவதுபோல.

"விசாலம், என்னத்தா இது? அது நாடகமில்ல?" என்றார் அப்பச்சி.

"நாடகம்னு எனக்குத் தெரியாதா அண்ணே? நெசத்துல ஒருத்தரும் வந்து சொல்லலயே. அந்தத் தம்பியாச்சும் சொல்லுச்சு." முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்காமலே நின்றாள். "தை வரைக்கும் எதுக்கு? செய்ய வேண்டியதச் செஞ்சிருங்க."

அப்பச்சி சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, அவள் கையிலிருந்த வாளியை வாங்கித் தன் தலையிலும் ஊற்றிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். தண்ணீரில் தெரியாது என்று நினைத்துக்கொண்டார். அப்புறம் ஆத்தா, அதாவது என் அம்மா, ஊற்றிக்கொண்டாள். நானும் ஊற்றிக்கொண்டேன். பக்கத்து வீட்டு ஆச்சி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன, ஏதும் துக்கமா? யாரு?" என்று பதறினாள். நான் பெரிய விவேகி அல்லவா, "ரேடியோவுல ஒருத்தரு செத்துட்டாக" என்றேன்.

அன்றிலிருந்து செக்காலையில் எங்களுக்கு 'ரேடியோவுக்குத் தலைமுழுகின வீடு' என்று பெயர். எனக்குத் தனியாக 'மணி கேட்டான்' என்று பெயர். என் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் எனக்கு வாட்ச் கட்டிவிட்டுவிட்டு, எல்லாரும் கேட்கும்படி, "மணி என்ன மாப்பிள்ளை?" என்று கேட்டான். என் பேரப்பிள்ளைகள் இப்போதும் கேட்கின்றன.

இந்தக் கதையை எங்கள் வீட்டில் அயித்தை அளவுக்கு யாரும் நன்றாகச் சொன்னதில்லை. வெள்ளைப் புடவையில் உட்கார்ந்துகொண்டு, பெரியவர் சின்ன முள் பெரிய முள் சொல்லிக்கொடுத்ததையும், நான் முழங்கியதையும், காலில் விழுந்ததையும் நடித்தே காட்டுவாள். வடை தலையில் விழும் இடத்தில் பிள்ளைகள் உருண்டு சிரிக்கும். அதோடு நிறுத்திவிடுவாள்.

"அப்பறம் என்ன ஆச்சு?" என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும்.

"அப்பறம் என்ன, வடை சாப்பிட்டுட்டு வந்துட்டோம்" என்பாள்.

அவள் இருந்தவரைக்கும் நானும் கதையை அங்கேயேதான் நிறுத்தினேன்.