தூக்கம் வராதவர்களுக்குப் பாய்

கையில் ஒரு படிவம் இருந்தால் நான் எதற்கும் அஞ்சமாட்டேன். கல்யாண வீட்டுக்குக்கூடப் பட்டியலோடு போகிறவள் (ஐந்தாவது: சிரிக்கவும்). கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலை ஒன்றில் தரப் பரிசோதனை வேலை. கம்பியைச் சோதிப்பதுபோல மனிதர்களையும் சோதித்துவிடலாம் என்று நம்பியிருந்தபோதுதான் புயல் வந்தது.

வெள்ளத்தில் வீடிழந்தவர்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். அவர்களுக்கு மனநல ஆதரவு தரும் தன்னார்வலர் குழுவில் சேர்ந்தேன். "முதல்ல பக்கத்துல உட்கார்ந்து பேசுங்க. கேள்வித்தாள் அப்புறம்" என்றார் குழுவின் மருத்துவர் ஷீலா. அதையும் குறித்துக்கொண்டேன். பின்பற்றவில்லை.

வகுப்பறை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்ததும் வரிசை தானாகவே உருவானது. (வெள்ளத்துக்குப் பிறகு மேசை போட்டு எழுதுகிறவர்கள் நிவாரணப் பொருள் தருவார்கள் என்பது என்னைத் தவிர ஊருக்கே தெரியும்.)

"ராத்திரி தூக்கம் வருதாக்கா?"

"வெறுந்தரையில எப்டிமா வரும்? பாய் குடுத்தா வரும்" என்றார் முதலில் வந்த மேரி அக்கா.

'தூக்கமின்மை, கடுமை' என்று எழுதினேன். அவர் போகிற போக்கில் வரிசையிடம் சொன்னது எனக்குப் பிறகுதான் தெரிந்தது: "தூக்கம் வர்லன்னு சொல்லு, பாய் எழுதிக்கினு கீறாங்க. பசிக்கலன்னு மட்டும் சொல்லிடாத, சோத்த நிறுத்திடுவாங்க."

ஆக, ஒருவருக்கும் தூக்கமில்லை; எல்லோருக்கும் பசி மட்டும் பிரமாதம். எனக்கோ ஆர்வம் தாங்கவில்லை. மருத்துவ உலகம் அறியாத புது நோயைக் கண்டுபிடித்துவிட்டதாகவே நினைத்தேன்.

கன்னியம்மா என்ற ஒருவர் மட்டும், "நல்லா தூங்குறேன் கண்ணு. வேற யாருக்காச்சும் குடு" என்றார். 'நலம்' என்று டிக் அடித்தேன்.

புது நோய் என்று நான் போன் செய்ததும் ஷீலா மேடம் பதறிக்கொண்டு வந்தார். அவர் வண்டியைவிட்டு இறங்குவதற்குள் கூட்டம் சூழ்ந்தது.

"பாய் வண்டியிலயா கீது மேடம்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கரும்பலகையைப் பார்த்தேன்.

படிவங்களைப் புரட்டிவிட்டு, "பாய் நான் கேட்டு வாங்கித் தரேன். இங்க நெஜமாவே படுக்காதவங்க யாரு?" என்று கேட்டார்.

எல்லாக் கைகளும் மைதானத்துப் பக்க வாசற்படியை நோக்கி நீண்டன. "கன்னிமாதான். வந்ததுலேர்ந்து அங்கியே குந்திக்கினு கீது" என்றார் மேரி அக்கா.

நான் டிக் அடித்த அதே கன்னியம்மா.

படிவத்தை மேசையிலேயே விட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் எதிரேயே பார்த்துக்கொண்டிருந்தார். மைதானத்தில் இன்னும் தண்ணீர் நின்றது.

"என்னம்மா பாக்குறீங்க?" (இது பட்டியலில் இல்லாத கேள்வி.)

"தண்ணியத்தான். அன்னிக்கு நான் தூங்கிக்கினு இருந்தேன். முழிச்சா ஊட்டுக்குள்ள இடுப்பளவு. மருமவதான் இழுத்துக்கினு ஓடுனா. இப்ப நானும் தூங்கிட்டா யாரு பாக்குறது?"

வகுப்பறையிலிருந்து சாக்பீஸ் எடுத்து வந்து, தண்ணீருக்குச் சற்று மேலே இருந்த படியில் கோடு போட்டேன். "தண்ணி இதத் தொட்டா எழுப்புறேன். அளக்குறதுதாம்மா எனக்கு வேலையே."

கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நீ தூங்கிட மாட்டியே?"

"மாட்டேன்."

அங்கேயே துணிமூட்டையில் தலை வைத்தவர் சாயங்காலம்தான் எழுந்தார். எழுந்ததும் முதலில் கோட்டைத்தான் பார்த்தார். நான் டீக்குக்கூட நகரவில்லை. மறுநாளிலிருந்து யார் யார் எப்போது கோட்டைக் காவல் காப்பது என்று பட்டியல் போட்டேன். மேரி அக்கா பெயர் முதலில். என் பட்டியல்களில் உருப்பட்டது அது ஒன்றுதான். ஷீலா மேடம் வாராவாரம் கன்னியம்மாவைப் பார்க்க வந்தார். பாய்களும் வந்தன.

இதை வீட்டில் சொல்லித் தொலைத்தது என் தவறு. இன்றைக்கும் நான் தூக்கம் வரவில்லை என்றால் தங்கை கேட்கிறாள்:

"பசிக்குதா?"

"பசிக்குது."

"அம்மா, அந்த வியாதியேதான்! ஒரு பாய் எழுதிக்கோ."