கொசுவம் முன்னால்

கிளென்டாரி ஊர் மன்றத்துக்கு ஆண்டு முழுவதும் பெரிதாக வேலை கிடையாது. ஆகஸ்டில் நடக்கும் விளையாட்டு விழா ஊர்வலம் ஒன்றுதான் அதன் பிழைப்பு. நான் அங்கே எழுத்தர். ஆகவே இதில் வரும் ஒவ்வொரு முட்டாள்தனத்துக்கும் என்னிடம் கையெழுத்திட்ட நகல் உண்டு.

எங்கள் ஊர் ஆண்களின் பாரம்பரிய உடை கில்ட், அதாவது கொசுவம் வைத்த கட்டம்போட்ட பாவாடை; அதைக் கல்யாணத்துக்கு மட்டும் வாடகைக்கு எடுத்துக் கட்டுவார்கள். மற்ற நாளில் ஒருவன் கட்டிக்கொண்டு வந்தால், "டூரிஸ்ட் வந்துட்டான்டா" என்று சிரிப்பார்கள். விதிவிலக்கு லாக்லன். சாக்கடைக் குழாய் சரிசெய்பவன். அப்பாவின் கில்ட்டைக் கட்டிக்கொண்டு பதினோரு வருடமாக ஊர்க்கொடி பிடித்தவன். இந்த வருடம் அவன் கால் தரையில் படவில்லை. மகள் ஐலி முதல் தடவையாக முரசடித்தபடி அவனுக்குப் பின்னால் வரப்போகிறாள்.

விழாவன்று மன்றத் தலைவர் ஆர்ச்சி டால்கிளீஷ் அவசர அவசரமாக வாடகைக் கில்ட்டைக் காருக்குள்ளேயே கட்டிக்கொண்டு இறங்கினார். பின்னால் இருக்க வேண்டிய கொசுவம் முழுவதும் முன்னால் இருந்தது.

எங்கள் ஊரிலிருந்து குடிபெயர்ந்தவர்களின் வாரிசுகளாக, கில்ட் கட்டிக்கொண்டு கனடாவிலிருந்து விழாவுக்கு வந்திருந்த நாற்பது பேரும் அதைப் பார்த்துத் திகைத்தார்கள். அவர்களுடைய சங்கத் தலைவர் வெண்டல் கண்கலங்கினார். "ஐயா, அப்ப நாங்க நாலு தலைமுறையா தப்பாவா கட்டிட்டிருக்கோம்?"

ஆர்ச்சி குனிந்து பார்த்தார். ஒப்புக்கொண்டிருந்தால் ஒரு நிமிட வெட்கத்தோடு போயிருக்கும்.

"அந்தக் காலத்துல கப்பல் ஏறுற அவசரத்துல திருப்பிக் கட்டியிருப்பாங்க. பரவாயில்ல, இப்பவாவது தெரிஞ்சுதே."

நாற்பது பேரும் கூடாரத்துக்குப் பின்னால் போய்த் திருப்பிக் கட்டிக்கொண்டு வந்தார்கள். மன்றம் அங்கேயே அவசரமாகக் கூடியது. தொன்றுதொட்டு நம் ஊரில் கொசுவம் முன்னால்தான் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. நானும் கை தூக்கினேன். பிறகுதான் லாக்லன் வந்தான்.

"கொஞ்சம் திருப்பிக் கட்டிக்கோய்யா, லாக்லன். வெளிநாட்டுக்காரங்க பாக்குறாங்க."

"தலைவரே, திருப்பிக் கட்டியிருக்கிறது நீங்க."

"தலைவர் கட்டினா அது எப்படிய்யா திருப்பினதாகும்?"

"எங்கப்பா இப்படித்தான் கட்டினாரு."

"உங்கப்பாகிட்ட மன்றத் தீர்மானம் இருந்துச்சா?"

"இல்ல."

"எங்ககிட்ட இருக்கு. மை கூட இன்னும் காயல."

லாக்லன் கில்ட்டைத் திருப்பவில்லை. கொடியைக் கூடாரக் கம்பத்தில் சாய்த்துவிட்டுத் தெருவோரம் போய்விட்டான். அதை வெண்டல் பிடித்தார். அவருக்குப் பின்னால் ஐலி முரசடித்துக்கொண்டு போனாள். தெருவோரம் நின்ற அப்பாவைத் தாண்டும்போது அவளுக்குத் தாளம் தப்பியது. அந்தத் தீர்மானத்தைக் கிழித்துப் போடலாமா என்று நினைத்தேன். ஆனாலும் கை தூக்கியவன் தூக்கியவன்தானே.

என் பக்கத்தில் நின்ற வெளிநாட்டு அம்மாள் லாக்லனைக் காட்டி, "பாவம், இவங்க உடுப்பு இவங்களுக்கே கட்டத் தெரியல" என்றார். ஜீன்ஸ் போட்ட எங்கள் ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள்.

அக்டோபரில் எனக்குக் கல்யாணம். வாடகைக் கடைக்காரர் கேட்டார்: "தம்பி, கொசுவம் எந்தப் பக்கம் வரணும்?"

"எங்க ஊர் வழக்கப்படி முன்னாலதான்" என்றேன்.

லாக்லனையும் அழைத்திருந்தேன். பேண்ட் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.