பலூன் ஊதிப் படித்த டெஸ்ட்

குறட்டை விடுகிறவனுக்கு ஒரு சௌகரியம், அவன் காதில் அது விழாது. அதனால் "நானா? சேச்சே" என்று முழு மனசாட்சியோடு மறுக்கலாம். முப்பத்தைந்து வயதுவரை நான் அப்படித்தான் மறுத்துவந்தேன்.

தொண்ணூறுகளில் மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் கிரேன் ஓட்டினேன். உயரத்தில் கண்ணாடிக் கூண்டு, கீழே எல்லோரும் எறும்பு. (அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.) ஒருநாள் சாப்பாட்டுக்குப் பிறகு, இரும்புச் சுருளைத் தொங்கவிட்டபடியே கண்ணயர்ந்துவிட்டேன். கீழிருந்து விசிலடித்து எழுப்பினார்கள்.

கம்பெனி டாக்டர் சொன்னார்: "தூக்கத்துல மூச்சு அடைக்கிற வியாதியா இருக்கலாம். முதல்ல நுரையீரல் டெஸ்ட். வியாதின்னு உறுதியானா கிரேனை விட்டு இறங்கணும்."

எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஒரு வழக்கம். மெடிக்கல் முடித்தவன் அடுத்தவனுக்குக் கோச்சிங் கொடுப்பான். கண் டெஸ்ட்டின் கலர்ப்புள்ளிப் புத்தகம் ஷிஃப்டில் எல்லோருக்கும் மனப்பாடம். வெல்டர் நஞ்சுண்டன் விசாரித்துவந்து சொன்னான்: "ஊதற டெஸ்ட், குரு. ஜோரா ஊதினா பாஸ். பலூன் ஊதிப் பழகு." (மைசூரில் சிநேகிதனெல்லாம் 'குரு'.)

ஒரு வாரம் ஊதினேன். யாருக்குப் பிறந்தநாள் என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். கவலையில் தூக்கமும் போயிற்று. மனைவி சரசுவுக்கும் கோச்சிங் நடந்தது.

"டாக்டர் கேட்டா, குறட்டையே இல்லைன்னு சொல்லணும்."

"சாமி கண்ணைக் குத்துமுங்க."

"கிரேன் போயிருமடி."

"சரி, சொல்லித் தொலைக்கறனுங்க."

ஆஸ்பத்திரிக்குச் சரசுவும் கூட வந்தாள். அங்கே ஒரு அம்மா மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் குழாயைச் செருகினார். "ஊதி, ஊதி, நில்லிஸ்பேடி." (நிறுத்தக்கூடாதாம்.) கண் பிதுங்க மூன்று தடவை ஊதினேன், உறிஞ்சினேன்.

அங்கிருந்த டாக்டர், மெஷின் வரைந்த கோட்டுப் படத்தைப் பார்த்தார். "குதிரை நுரையீரல்."

நான் சரசுவைப் பெருமையாகப் பார்த்தேன்.

"ஆனா இந்தக் கோடு ரம்பப் பல் மாதிரி இருக்கு பாருங்க. தொண்டைச் சதை ஆடுது. நீங்க இவ்வளவு அழுத்தி ஊதினதாலதான் தெளிவா விழுந்திருக்கு."

ஒரு வாரப் பலூனும் எனக்கு எதிராகவே சாட்சி சொல்லிவிட்டது.

"இதை மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது" என்று டாக்டர் சரசு பக்கம் திரும்பினார். "குறட்டை உண்டாம்மா?"

அதுவரைதான் எனக்கு நினைவிருக்கிறது. மிச்சம் சரசு சொல்லிக் கேட்டது.

"இவருங்களா? மூச்சு விடற சத்தங்கூடக் கேக்காதுங்க சார். பூனையாட்டம் தூங்குவாருங்க" என்று கற்பூரம் அணைக்காத குறையாகச் சொல்லியிருக்கிறாள். ஃபேன் காற்று, ஒரு வார விழிப்பு, மூன்று ஊதல்; பூனை அந்நேரம் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தது. குறட்டையில் மேஜைக் கண்ணாடி அதிர்ந்ததாம். நடுவில் மூச்சு நின்றபோது டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாராம். சரசுவின் முழங்கை விலாவில் இறங்கியதும் விழித்துக்கொண்டு நான் சொன்ன முதல் வாக்கியம்: "இல்லவே இல்லை சார்."

கிரேனிலிருந்து இறக்கி ஸ்டோர்ஸில் போட்டார்கள். நானும் எறும்பானேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது பொய் சொன்னால் யாரும் வாதாடுவதில்லை. கண்ணை மூடிக் குறட்டை விடுவார்கள். போன வருஷம் எங்கள் மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, "எனக்குக் கோபமே வராதுங்க" என்றார். சமையலறையிலிருந்து நீளமாக ஒரு குறட்டை கேட்டது.

சத்தியமாக நானில்லை. மணப்பெண்.